தடுப்பூசியின் கதை – 9: இறங்கும் எண்ணும் இறங்காத காவலும்

2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை மாவட்டந்தோறும் ஆட்களை அனுப்பி, 26,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் இரத்தம் எடுத்தது. கொரோனாவுக்கு எதிரான எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, எத்தனை பேரிடம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். மாநில அளவில் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேரிடம் இருந்தது. நீலகிரியில் 11 பேர்தான். திருச்சிக்குப் பக்கத்து மாவட்டமான பெரம்பலூரிலோ பாதிப் பேர். கிருமி வந்து போனதே தெரியாமல் அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். பரிசோதனையில் உறுதியானவர்கள் அன்று மாநிலம் முழுவதும் 8 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

அடுத்த சுற்று 2021 ஏப்ரலில் நடந்தது. நடுவே ஐந்து மாதம் புதிய தொற்றுகள் வந்துகொண்டேதான் இருந்தன, தடுப்பூசியும் தொடங்கியிருந்தது. எண் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? ஏறவில்லை. 30-க்குக் கீழே இறங்கிவிட்டது.

ஒவ்வொரு சுற்றிலும் இரத்தம் கொடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள், ஆகவே சிறு வித்தியாசம் வரத்தான் செய்யும். ஆனால் ஏற வேண்டிய எண் இறங்கியதற்கு முக்கியக் காரணம் நம் உடம்பின் இயல்பு. ஒருமுறை வந்த தொற்று வராததாகிவிடாது. அவர் இரத்தத்தில் ஓடிய எதிர்ப்பொருள் மட்டும் மெல்லக் குறைந்து, பரிசோதனைக் கருவி கண்டுபிடிக்கும் அளவுக்குக் கீழே போய்விடும். இந்த இறக்கத்தைத்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். ஏனென்றால் இதைக் கண்டு பயந்தவர்கள் ஏராளம்.

2021-இன் பிற்பாதியில் திருவானைக்காவல் சன்னதி வீதியில் நடந்தாலும், ஸ்ரீரங்கத்தில் காய்கறி வாங்கப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். செல்போனில் லேப் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பெரியவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். "ஜூலைல 180 இருந்துது, இப்ப 60-தான் இருக்கு. கரைஞ்சு போயிடுத்தே, என்ன பண்றது?" என்பார் ஒருவர். "கோவிஷீல்டு ரெண்டு டோஸும் போட்டாச்சு, லேப்ல நெகட்டிவ்னு எழுதியிருக்கான். ஊசியே வேலை செய்யலையா?" என்பார் இன்னொருவர். இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் தெளிவான பதில் உண்டு, அதை அப்போது யாரும் பொறுமையாகச் சொல்லவில்லை.

இரண்டாவது கேள்விக்கான பதில் சுருக்கமானது. கோவிஷீல்டு உடம்புக்குக் காட்டிக்கொடுப்பது வைரஸின் மேலே முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தை மட்டும். சந்தையில் இருந்த சில பரிசோதனைகளோ வைரஸின் உள்ளே இருக்கும் வேறொரு புரதத்துக்கான எதிர்ப்பொருளைத் தேடின. தடுப்பூசி மட்டும் போட்டு, நோய் வராதவரிடம் அது இருக்கவே இருக்காது. நெகட்டிவ் என்றுதான் வரும். கோவாக்சின் முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து தயாரித்தது என்பதால் அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு இரண்டு வகையும் உருவாக வாய்ப்புண்டு. ஊசியில் குறையில்லை, பொருத்தமில்லாத பரிசோதனைக்குப் பணம் கட்டினோம்.

முதல் கேள்விக்குச் சற்று உள்ளே போக வேண்டும். கிருமியோ தடுப்பூசியோ உடம்புக்குள் வந்ததும் பி செல்கள் என்ற வெள்ளையணுக்களில் ஒரு பகுதி அவசர அவசரமாகப் பெருகி, எதிர்ப்பொருளைக் கொட்டித் தள்ளும் பிளாஸ்மா செல்களாக மாறுகின்றன. இரண்டு, மூன்று வாரங்களில் இரத்தத்தில் அளவு உச்சிக்குப் போவது இவற்றால்தான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை சில நாள்களில் மடிந்துவிடும். அவை விட்டுச்செல்லும் எதிர்ப்பொருளும் நிலைக்காது. ஐஜிஜி என்ற வகை சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால்தான் முதல் சில மாதங்களில் எண் சரசரவென்று இறங்குகிறது. பிறகு அந்த இறக்கம் நிதானப்படும். நிதானப்படுத்துவது எலும்பு மஜ்ஜையில் போய்த் தங்கிவிட்ட ஒரு சிறு கூட்டம். ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டிருக்கும் பிளாஸ்மா செல்கள் அவை. லேசான கொரோனா வந்து போனவர்களின் மஜ்ஜையிலும் இத்தகைய செல்கள் இருப்பதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் 2021-இல் கண்டு சொன்னார்கள்.

காவிரியில் ஆடி வெள்ளம் வடிந்த பிறகும் திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கருவறையில் நீர் ஊறுகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. லேப் ரிப்போர்ட் அளப்பது வெள்ளத்தை.

ஊற்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. நினைவுச் செல்கள். இவை எதையும் சுரக்காமல் சும்மா இருக்கும்; அதே கிருமி மறுபடி வந்தால் சில நாள்களில் படையெடுக்கும். கிருமி புகுந்த செல்லையே அழிக்கும் டி செல்களும் உண்டு. 2003-இல் சார்ஸ் வந்து பிழைத்தவர்களிடம் 17 ஆண்டுகள் கழித்தும் அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இருந்ததைச் சிங்கப்பூரில் கண்டறிந்தார்கள். ஆன்டிபாடி டெஸ்ட் இவற்றில் எதையும் காட்டாது.

சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2021-இல் நடத்திய சிறிய ஆய்வு இந்த நினைவுக்கு நல்ல சாட்சி. கோவாக்சின் போட்டுக்கொண்ட 114 சுகாதாரப் பணியாளர்களைப் பார்த்தார்கள். முன்பே கொரோனா வந்தவர்களுக்கு ஒரே தவணையில் கிடைத்த எதிர்ப்பொருள் அளவு, தொற்றே வராதவர்கள் இரண்டு தவணையும் போட்டுப் பெற்ற அளவுக்குச் சமமாக இருந்தது. உடம்பு மறக்கவில்லை.

அப்படியானால் எண் இறங்குவதால் நஷ்டமே இல்லையா? உண்டு. இரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைய இருக்கும்போது கிருமி வாசலிலேயே தடுக்கப்படுகிறது. குறைந்துவிட்டால் கிருமி உள்ளே வந்துவிடும், காய்ச்சல் வரும், ஆனால் நினைவுச் செல்கள் எழுந்துவிடுவதால் நிலைமை முற்றுவது குறையும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 2021-இல் தன் பணியாளர்களிடம் பார்த்த கணக்கு இதைத்தான் சொல்கிறது: இரண்டு தவணை போட்டவர்களுக்குத் தொற்றிலிருந்து பாதுகாப்பு 65 சதவீதம், மருத்துவமனையில் சேர்வதிலிருந்து 77, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதிலிருந்து 94. நோய் கடுமையாக ஆக, காவலும் பலமாக இருந்தது.

மாநில இரத்த ஆய்வின் அடுத்த எண்களையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 2021 மே மாத அலைக்குப் பிறகு மூன்றாவது சுற்றில் 66 சதவீதம். ஆண்டுக் கடைசியில் தொடங்கிய நான்காவதில் 87. அந்த 87-ஐ வைத்துக்கொண்டுதான் ஓமிக்ரானைச் சந்தித்தோம். 2022 ஜனவரியில் தினசரித் தொற்று 30,000-ஐத் தாண்டியது. முந்தைய மே மாத உச்சமான 36,184-க்கு அது வெகுதூரமில்லை. ஆனால் அந்த மே இறுதியில் ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம். ஜனவரியில் இறப்பு அதில் பத்தில் ஒரு பங்கு அளவில் நின்றது. ஓமிக்ரான் சற்றுச் சாதுவானது என்பதும் ஒரு காரணம். உடம்புகள் நினைவு வைத்திருந்தது இன்னொரு காரணம். முதியவர்களுக்கும் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கும் அந்த நினைவு பலவீனமாக இருக்கலாம். முதியோருக்கு 2022 ஜனவரி 10 முதல் பூஸ்டர் கொடுத்தது சரியான முடிவு.

எல்லா நோய்க்கும் இறக்கம் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. டென்மார்க்கின் பானும் என்ற இளம் மருத்துவர் 1846-இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, 1781-இல் அந்நோய் வந்திருந்த முதியவர்கள் ஒருவருக்கும் அது மறுபடி வரவில்லை என்று எழுதிவைத்தார். 65 ஆண்டு காவல்! அமெரிக்காவில் சிலரை 26 ஆண்டுகள் வரை தொடர்ந்து பரிசோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தட்டம்மை எதிர்ப்பொருள் பாதியாகக் குறைய ஒரு மனித ஆயுள் போதாது. தொண்டை அடைப்பானுக்கு 19 ஆண்டு. டெட்டனஸுக்கு 11 ஆண்டுதான்.

கடன் வாங்கிய எதிர்ப்பொருள் இதைவிடச் சீக்கிரம் தீரும். தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியே குழந்தைக்கு வருவது சில மாதங்களில் கரைந்துவிடுகிறது. அது நிறைய இருக்கும்போது தட்டம்மை ஊசி போட்டால் ஊசியின் வேலையையே கெடுத்துவிடும். ரொம்பவும் தாமதித்தால் குழந்தை காவலின்றி நிற்கும். 9 மாதம் முடிந்ததும் அழைத்து வரச் சொல்வது இதனால்தான்.

காசு கொடுத்து ஆன்டிபாடி அளவைத் துரத்த வேண்டாம். அந்த அக்கறையை வீட்டுத் தடுப்பூசி அட்டையின் பக்கம் திருப்புங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. ஊசி, தொண்டை அடைப்பானுக்கும் டெட்டனஸுக்குமான ஊசி, பல பிள்ளைகளுக்கு விட்டுப்போகிறது. இறக்கம் உண்மையிலேயே ஆபத்தாகும் இரண்டு நோய்கள் அவை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது இலவசம். இந்த வாரமே அட்டையை எடுத்துப் பாருங்கள்.

(தொடரும்)