சி.இ.ஓ.வைப் பார்த்து 'பொறுங்க'ன்னு சொல்றது யாரு?

தென்காசில இருந்து பேசுறேன். வெளிய சாரல், சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க.

இந்தப் பக்கம் சி.இ.ஓ.ன்னாலே மத்தளம்பாறைதான் ஞாபகம் வரும். ஜோஹோ ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் அந்தப் பதவியை விட்டுட்டு தலைமை விஞ்ஞானி ஆனார். "பதவி இறக்கமா தம்பி?"ன்னு டீக்கடையில ஒரு அண்ணாச்சி கேட்டார். இல்ல அண்ணாச்சி, அது வேற வேலை.

பயோடெக் கம்பெனிகள்ல இந்த வித்தியாசம் இன்னும் பெருசு. பணம் எங்க இருந்து வரணும், எந்த மருந்தைத் தொடரணும், எதைக் கைவிடணும் என்பது சி.இ.ஓ.வின் கவலை. அறிவியல் சரியா இருக்கான்னு பார்க்கிறவர் தலைமை அறிவியல் அதிகாரி. மனுஷங்க மேல நடக்கிற பரிசோதனைக்கும் அவங்க பாதுகாப்புக்கும் பொறுப்பு தலைமை மருத்துவ அதிகாரி. நாங்க எழுதுற கோடில் தப்பு இருந்தா ராத்திரியே பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடுவோம். உடம்புக்குள்ள போன ஊசியை அப்படித் திரும்ப எடுக்க முடியாது.

பாரத் பயோடெக்கை எடுத்துக்கோங்க. திருத்தணி பக்கத்து விவசாயக் குடும்பத்துல பிறந்த விஞ்ஞானி கிருஷ்ணா எல்லா, மனைவி சுசித்ரா எல்லாவோட சேர்ந்து 1996-ல் ஹைதராபாத்தில் தொடங்கியது. அவர் செயல் தலைவர், அவங்க நிர்வாக இயக்குநர்.

2021 ஜனவரி 3-ஆம் தேதி கோவாக்சினுக்கு அரசு அவசர அனுமதி கொடுத்தது. அப்போ சுமார் 25,800 பேரை வைத்து நடந்த மூன்றாம் கட்ட சோதனையின் முடிவு வரவே இல்லை. சென்னையில நர்ஸா இருந்த எங்க அக்கா ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் ஊசி போட்டுக்கிட்டா. "தம்பி, ரிசல்ட் வந்துடுச்சாடா?"ன்னு போன்ல கேட்டா. என்கிட்ட பதில் இல்லை.

மார்ச்சில் இடைக்கால முடிவு 81 சதவீதம்னு வந்தது. நவம்பரில் லான்செட் இதழில் 77.8 சதவீதம்னு முழு முடிவு வெளியாச்சு. தடுப்பூசி வேலை செய்தது, சந்தோஷம். ஆனா அக்கா கையெழுத்துப் போட்ட அன்னைக்கு அது யாருக்கும் தெரியாது.

பயோடெக் படிச்சுட்டு வேலை தேடுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். இன்டர்வியூல சம்பளத்தோட இதையும் கேளுங்க: "இங்க சி.இ.ஓ.கிட்ட 'டேட்டா வரட்டும், பொறுங்க'ன்னு சொல்ற ஆள் யாரு? கடைசியா அப்படி எப்போ சொன்னாங்க?"

அந்தப் பதில்ல கம்பெனி எப்படின்னு தெரிஞ்சிடும். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.