கன்னத்தில் அடக்கும் எலி சொன்ன பாடம்!

"வாய்க்குள்ள வெள்ளையா ஒரு திட்டு இருக்கு. வலியே இல்லை, அதுபாட்டுக்கு இருக்கட்டும்!" புகையிலை போடுகிறவர்கள் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். அப்படி விட்டுவிடலாமா? கூடாது என்பதைக் கண்கூடாகக் காட்டியது ஒரு சின்னப் பிராணி.

அதன் பெயர் ஹாம்ஸ்டர். எலி இனம். குரங்கு மாதிரி தீனியைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும். அதற்கென்றே உள்ளே ஒரு பை உண்டு. 1954-ல் சாலி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், புற்றுநோயை உண்டாக்கும் ரசாயனத்தை அந்தப் பையில் தடவிப் பார்த்தார். வாய்ப் புற்றுநோய் வளரும் விதத்தை ஆராய இப்படி ஒரு வழி பிறந்தது. நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இந்த முறையில் ஏராளமான ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன.

டி.எம்.பி.ஏ. என்ற ரசாயனத்தை வாரம் மூன்று முறை தடவினால், சுமார் 14 வாரங்களில் புற்றுக்கட்டி வந்துவிடுகிறது. ஆனால், எடுத்த எடுப்பில் வருவதில்லை. முதலில் தோல் தடிக்கிறது. அடுத்து செல்கள் உருமாறுகின்றன. அதன்பிறகுதான் புற்று! மனிதர்களுக்கு இதே பயணம் பல வருடங்கள் எடுக்கலாம். எல்லா வெள்ளைத் திட்டும் புற்றாக மாறாது என்றாலும், தடுத்து நிறுத்த வாய்ப்புள்ள நேரம் அதுதான்.

"அப்படின்னா எலிக்குக் குணமான மருந்தை நாமும் சாப்பிடலாமே?" அவசரப்படாதீர்கள்! 1980-களில் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் பீட்டா கரோட்டினை ஊசி மூலம் செலுத்தியபோது, ஹாம்ஸ்டரின் கட்டிகள் சுருங்கின. கேரட்டுக்கு நிறம் தருகிற அதே சத்துதான். ஆனால், பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-ல் வந்தபோது எல்லோருக்கும் அதிர்ச்சி. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகமாக இருந்தது! உறுப்பு வேறு, கொடுத்த விதமும் வேறுதான். ஆனாலும், எலிக்கு நல்லது செய்தது மனிதனுக்கும் நல்லது செய்யும் என்று நம்பிவிட முடியாது என்பது புரிந்தது. 'மஞ்சள் புற்றைக் கரைக்கும்', 'துளசி குணப்படுத்தும்' என்று யாராவது சொன்னால், "மனுஷங்ககிட்ட சோதிச்சுப் பார்த்தாங்களா?" என்று கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது சுலபம்தான். புகையிலை, பாக்கு இரண்டையும் விடுங்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும். மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று நாக்கின் அடி, கன்னத்தின் உட்பக்கம், ஈறு எல்லாவற்றையும் பாருங்கள். வெள்ளை, சிவப்புத் திட்டோ புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலும், வாய் திறப்பது குறைந்தாலும் உடனே பல் டாக்டரிடம் காட்டுங்கள். சின்னத் துணுக்கு சதை எடுத்துப் பரிசோதித்தால் விஷயம் தெரிந்துவிடும். வலிக்கட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்!