எத்தனை மில்லிமீட்டர் இருக்கு, அண்ணே?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் எங்கள் காலை நேர வானொலி நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளில் கார் பேச்சு அதிகமாகிவிடும். ஏர்கோன் குளிரவில்லை, டயர் எந்தக் கடையில் மலிவு, கேமரன் மலைக்கு எந்தப் பக்கமாக ஏறினால் நெரிசல் குறைவு என்றெல்லாம் கேட்பார்கள். பிரேக்கைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. பெடலை மிதிக்கிறோம், கார் நிற்கிறது, அதற்குமேல் என்ன இருக்கிறது என்ற நினைப்புதான்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் லாரி, பேருந்து போன்ற வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும். சொந்த உபயோகக் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெயர் மாற்றும்போதுதான் பெரும்பாலோர் பரிசோதனை மையத்தின் பக்கமே போகிறோம். பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், மூன்று வயது தாண்டிய கார் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பத்து வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படுகிறது. இங்கே ஒரு குடும்பக் கார் பத்து வருடம் ஓடினாலும் அதன் பிரேக்கை எந்த அதிகாரியும் பார்த்திருக்க மாட்டார். பார்க்க வேண்டியவர் நீங்கள், உங்களுக்காகப் பார்ப்பவர் உங்கள் பட்டறைக்காரர்.

அவர் “மாத்தணும்” என்றால் மாற்றுகிறோம். “இன்னும் ஓட்டலாம்” என்றால் ஓட்டுகிறோம். அந்த முடிவுக்குப் பின்னால் அளந்து பார்க்கக்கூடிய ஓர் எண் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்த எண்ணைக் கேட்கத் தெரிந்தால் வீண் செலவும் மிச்சமாகும், தேய்ந்த பிரேக்கோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் நிலையும் வராது.

பேட்: 3 மில்லிமீட்டர் கணக்கு

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வட்டமான வார்ப்பிரும்புத் தட்டுதான் டிஸ்க். பெடலை மிதிக்கும்போது அதன் இரு பக்கமும் அழுத்திப் பிடிப்பவை பேட். காரின் வேகம் முழுவதையும் இவை வெப்பமாக மாற்றித்தான் வண்டியை நிறுத்துகின்றன. வேகம் இரண்டு மடங்கானால் அந்த வெப்பம் நான்கு மடங்காகும். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பது, ஊருக்குள் 55-இலிருந்து நிற்பதைவிட நான்கு மடங்கு வேலை. தினமும் வேலைக்குப் போகும் வழியில் நன்றாகப் பிடிக்கும் பிரேக், பாலேக் கம்போங் பயணத்தில் திணறுவது இதனால்தான்.

மைவி, அக்சியா, சாகா போன்ற கார்களில் பொதுவாக முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கே என்பதால் முன்பக்க பேட்தான் சீக்கிரம் தேயும். புதிய முன்பக்க பேட்டின் உராய்வுப் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதைத் தாங்கும் இரும்புத் தகட்டை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. 2-க்குக் கீழே போனால் தள்ளிப்போடவே கூடாது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று கேட்டால் ஒரே பதில் இல்லை. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் தினமும் ஊர்ந்து போகிறவருக்கும், ஈப்போவிலிருந்து பினாங்குக்கு ஒரே சீராக ஓட்டுகிறவருக்கும் பேட் ஒரே மாதிரி தேயாது. ஆகவே கிலோமீட்டரை நம்பாமல் தடிமனை அளக்கச் சொல்லுங்கள்.

ரிம்முக்கு நடுவே டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிப்பக்க பேட் தெரியும். உள்பக்க பேட் தெரியாது. காலிப்பரின் பின் இறுகிப்போனால் ஒரு பேட் மற்றதைவிட வேகமாகத் தேயும், பல நேரங்களில் அது உள்பக்கத்து பேட்டாகவே இருக்கும். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பல பேட்களில் ஒரு சிறு உலோக நாக்கு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் ‘கீச்’ என்று கத்தும். அது எச்சரிக்கை மணி. வானொலிச் சத்தத்தைக் கூட்டி அதை மறைத்துவிடாதீர்கள், என் நிகழ்ச்சியாக இருந்தாலும் சரி! கீச் ஒலி போய் ‘கரகர’ என்று இரும்பு அரைக்கும் சத்தம் வந்தால் பேட் தீர்ந்து, அதன் தகடு டிஸ்க்கைச் சுரண்டுகிறது என்று அர்த்தம். பேட்டோடு முடிய வேண்டிய செலவு டிஸ்க்குக்கும் சேர்ந்துவிடும்.

இன்னொரு குறிப்பு: பேட் தேயத் தேய பிரேக் எண்ணெய்க் கலத்தில் மட்டம் மெல்ல இறங்கும். சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் எண்ணெய் ஊற்றி விளக்கை அணைப்பதோடு விட்டுவிடாதீர்கள். பேட்டையும், எங்காவது கசிவு இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டிஸ்க்: அதிலேயே பொறித்திருக்கும் எண்

டிஸ்க்கும் தேயும், பேட்டைவிட மெதுவாக. அது எவ்வளவு மெலியலாம் என்பதற்கு எல்லை உண்டு. ‘மினிமம்’ என்பதன் சுருக்கத்தோடு அந்த எண்ணைத் தயாரிப்பாளரே பெரும்பாலும் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறித்திருப்பார். குடும்பக் கார்களின் முன்பக்க டிஸ்க்குகளில் இது புதிய டிஸ்க்கின் தடிமனைவிட ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான் குறைவாக இருக்கும். 18 என்று பொறித்திருந்து, அளந்தால் 18.8 வருகிறது என்றால் இன்னும் ஆயுள் இருக்கிறது. 17.9 என்றால் பளபளவென்று இருந்தாலும் மாற்றியாக வேண்டும். மெலிந்த டிஸ்க் வெப்பத்தைத் தாங்காது, விரிசல் விடும்.

அளப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டிஸ்க் தேயும்போது பேட் தொடாத ஓரம் மட்டும் தேயாமல் வரம்பு போல எழும்பி நிற்கும். சாதாரண வெர்னியர் அந்த வரம்பின் மேல் உட்கார்ந்துவிட்டால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். மைக்ரோமீட்டரால், பேட் உரசும் பகுதியில், நான்கைந்து இடங்களில் அளப்பதே சரி.

மெல்லிய கோடுகள் இயல்பானவை. நகம் சிக்கி நிற்கும் அளவுக்குப் பள்ளம், ஓரத்தைத் தொடும் விரிசல் இவை இயல்பானவை அல்ல. நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைக்கும்போது ஸ்டீயரிங்கும் பெடலும் நடுங்கினால் “டிஸ்க் வளைஞ்சிடுச்சு” என்பார்கள். பெரும்பாலும் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மாறியிருக்கும், அவ்வளவுதான். கடைசலில் கொடுத்து ‘ஸ்கிம்’ செய்யலாம். ஆனால் செதுக்கிய பிறகும் அந்தப் பொறித்த எண்ணுக்கு மேல் இருக்க வேண்டும். அவசரமாக மிதிக்கும்போது பெடல் படபடவென்று அடித்தால் அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது. காலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள்.

எந்தத் துரு ஆபத்து?

என் அக்கா கிள்ளானில் இருக்கிறார். அவருடைய மைவியை ஒரு பட்டறையில் விட்டபோது, “டிஸ்க் ரெண்டும் துரு, மாத்தியாகணும்” என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். அக்கா எனக்குப் படம் அனுப்பினார். துரு இருந்தது உண்மை. ஆனால் டிஸ்க்கின் நடுப்பகுதியிலும் வெளி விளிம்பிலும்தான் இருந்தது. பேட் உரசும் இடம் கண்ணாடி போல இருந்தது. வேறொரு பட்டறைக்கு அழைத்துப் போனேன். “எத்தனை மில்லிமீட்டர் இருக்கு, அண்ணே?” என்று கேட்டதும் அவர் சிரித்துக்கொண்டே மைக்ரோமீட்டரை எடுத்து வந்தார். டிஸ்க் எல்லைக்கு மேலே நன்றாகவே இருந்தது. முன்பக்க பேட் 3-க்கும் கீழே. பேட்டை மட்டும் மாற்றினோம்.

துருவில் மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்த கார் மறுநாள் காலையில் டிஸ்க்கில் செம்பழுப்புப் படலத்தோடு நிற்கும். வார்ப்பிரும்பு அப்படித்தான். நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். இரண்டாவது, அக்கா காரில் இருந்தது போல பேட் தொடாத இடத்துத் துரு. பார்க்க அசிங்கம், பெரும்பாலும் தொந்தரவில்லை. மூன்றாவதுதான் ஆபத்து: பேட் உரசும் பரப்பிலேயே பள்ளம் பள்ளமாக அரித்திருப்பது, பலமுறை பிரேக் பிடித்தும் பட்டையாகத் துரு நிற்பது. அங்கே பேட் முழுதாகப் படியாது, பிடி குறையும், புது பேட்டையும் அது சீக்கிரம் தின்றுவிடும். அளவு சரியாக இருந்தாலும் இப்படிப்பட்ட டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும்.

எந்தத் துருவாக இருந்தாலும் அதைப் போக்க டிஸ்க்கில் எண்ணெய் தெளிப்பான் அடிக்காதீர்கள். எண்ணெய் பட்ட பேட் வழுக்கும்.

அதிகம் ஓடாத கார்

தைப்பிங்கில் இருக்கும் அப்பாவின் காருக்குக் கதை நேர்மாறு. பணி ஓய்வுக்குப் பிறகு அது கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும்தான் போகிறது. நாட்டிலேயே மழைக்குப் பேர்போன ஊர். “நான் ஓட்டறதே இல்லையே, பிரேக் எப்படிடா கெடும்?” என்பது அப்பாவின் வாதம். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் உள்ள செடான் அது. கழற்றிப் பார்த்தபோது முன்பக்கம் நன்றாக இருந்தது. பின்பக்க டிஸ்க் இரண்டும் அரித்துப் போயிருந்தன. பின் பிரேக்குக்கு வேலை குறைவு. மெதுவாகவும் ஓட்டினால் துரு தேய்ந்து போக வாய்ப்பே கிடைப்பதில்லை. பள்ளி முடிந்து பேரப்பிள்ளைகளை ஏற்றி வருவதும் அந்தக் காரில்தான் என்று நினைவூட்டினேன். மாற்றச் சம்மதித்தார்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி வாரக் கணக்கில் கார்கள் வீட்டிலேயே நின்றபோது பலர் இதைக் கண்ணால் பார்த்தார்கள். ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அவற்றில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால் பேட் நீண்ட நாள் வரும், டிஸ்க் துருப்பிடிக்கும். வாரம் ஒரு முறையாவது பின்னால் வண்டி இல்லாத சாலையில் நாலைந்து தடவை அழுத்தமாக பிரேக் பிடியுங்கள். காரைக் கழுவியதும் அப்படியே நிறுத்தாமல் ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கை உலரவிட்டு நிறுத்துங்கள்.

மாற்றும்போது

பேட்டானாலும் டிஸ்க்கானாலும் ஒரே அச்சின் இடம், வலம் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கலாம். புது டிஸ்க் போட்டால் புது பேட்டும் போட வேண்டும். நல்ல நிலையில் உள்ள பழைய டிஸ்க்குக்குப் புது பேட் மட்டும் போடலாம். டிஸ்க் உட்காரும் இடத்தில் உள்ள துருவைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது டிஸ்க்கும் நடுங்கும். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. மாற்றிய பிறகு முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு, அவசரம் என்றால் ஒழிய, திடீரென்று அழுத்திப் பிடிக்காமல் மிதமாகப் பிடித்துப் பழக்குங்கள்.

மலையிறக்கத்துக்குப் போகிறீர்கள் என்றால் பிரேக் எண்ணெயையும் கேளுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான கணக்கு. கெந்திங், கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது ‘டி’-யிலேயே விட்டு பிரேக்கை மிதித்தபடி வராதீர்கள். குறைந்த கியருக்கு மாற்றி இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும்.

பயணத்துக்கு முதல் நாள் ஓடாமல், ஒரு வாரம் முன்பே பட்டறைக்குப் போங்கள். பேட் எத்தனை, டிஸ்க் எத்தனை, பொறித்த எல்லை எத்தனை என்று கேட்டு, அன்றைய கிலோமீட்டரோடு சர்வீஸ் பில்லின் பின்பக்கம் எழுதிவையுங்கள். அடுத்த 10,000 கிலோமீட்டரில் பேட் 7-இலிருந்து 5-க்கு வந்திருந்தால், 3-க்கு வர இன்னும் ஏறத்தாழ 10,000 இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். எந்த மாதச் சம்பளத்தில் அந்தச் செலவை வைப்பது என்பதையும் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக முடிவு செய்யலாம்.