அப்பாவின் காதா, என் குமிழா?

“ராத்திரியானா சுசீலாம்மா இடது பக்கமா ஒதுங்கிடுறாங்கடா.”

போன ஆண்டு அப்பா இப்படிச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவருக்கு வயது 74. வலது காது மந்தமாகிறது என்று நானே முடிவு செய்து, பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்து செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வயதுக்கேற்ற குறை இருக்கிறது, ஆனால் இரண்டு காதிலும் ஒரே அளவுதான் என்று முடிவு வந்தது.

அப்படியானால் குறை எங்கே? அவர் பாட்டுக் கேட்பது நான் செய்து கொடுத்த பெட்டியில். அதைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை.

அது ஒரு ப்ரீஆம்ப்ளிஃபையர். எந்தப் பாட்டு, எவ்வளவு சத்தம் என்பதைத் தீர்மானித்து, ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. அப்பாவின் 70வது பிறந்தநாளுக்காக, சிம் லிம் டவரில் பாகங்கள் வாங்கி, இரண்டு மாதம் இரவில் உட்கார்ந்து செய்தது. ஐசி, மின்தேக்கி எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். வால்யூம் குமிழை மட்டும் கைக்குக் கிடைத்ததை வாங்கினேன். சில வெள்ளிதான் விலை. திருகினால் சத்தம் கூட வேண்டும், குறைய வேண்டும். வேறென்ன?

அப்பா கேட்பது பெரும்பாலும் 1960களின் திரைப்பாடல்கள். அவற்றில் அநேகம் மோனோ பதிவுகள். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும் என்பதால், குரல் நட்டநடுவில் இருந்து கேட்க வேண்டும். பகலில் அப்படித்தான் கேட்டது. இரவில், பேத்தி தூங்கிய பிறகு அப்பா சத்தத்தைக் குறைத்ததும் குரல் இடதுபுறம் நகர்ந்தது. நானே அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது முழு உண்மை.

பெட்டிக்குள் வரும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிச் செருகினேன். குரல் அப்போதும் இடதுபுறமே இருந்தது. பெட்டியிலிருந்து வெளியே போகும் கம்பிகளை மாற்றினேன். குரல் வலதுபுறம் தாவியது. ஆக, குற்றவாளி காதுமல்ல, இசைத்தட்டுமல்ல, ஸ்பீக்கருமல்ல. பெட்டிதான்.

மின்சாரத்தைத் துண்டித்து, குமிழைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். ஒரே தண்டில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டும் 50 கிலோ ஓம். பாதி திருகியபோது ஒன்று 7,800 ஓம், மற்றது 7,500. காதுக்குத் தெரியாத வித்தியாசம். அப்பா இரவில் வைக்கும் இடத்தில் ஒன்று 640 ஓம், மற்றது 400. ஏறத்தாழ 4 டெசிபல் வித்தியாசம்! குரல் நகராமல் என்ன செய்யும்?

காரணம் எளிது. நம் காது சத்தத்தை விகிதமாக உணர்கிறது. அதனால் வால்யூம் குமிழில் தொடக்கத்தில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும் ‘லாக்’ வகைக் கரிப்பட்டையைப் பயன்படுத்துவார்கள். ஆல்ப்ஸ் போன்ற ஜப்பானியத் தயாரிப்புகளில் இதற்கு ‘ஏ’ என்ற குறியும், சீராக ஏறும் வகைக்கு ‘பி’ என்ற குறியும் இருக்கும். மலிவான குமிழில் இரண்டு பட்டைகளும் தொடக்கப் பகுதியில் ஒத்துப்போவது அபூர்வம். அங்கே மின்தடை மிகக் குறைவு என்பதால் சிறு பிசகும் பெரிதாகத் தெரியும்.

மாற்றாக என்ன போடலாம் என்று பார்த்தேன். முதலில், நண்பரிடமிருந்து 24 நிலைகள் கொண்ட சுழல் சுவிட்ச் ஒன்றை இரவல் வாங்கினேன். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி மின்தடை. 1 விழுக்காட்டுத் துல்லியமுள்ளவை என்பதால் இரு பக்கமும் பிசகாமல் பொருந்தும். ஆனால் திருக அழுத்தம் வேண்டும். அப்பாவின் விரல் மூட்டுகள் ஒத்துழைக்கவில்லை. அதோடு, “இது கூடுதல், இது குறைச்சல், நடுவுல ஒண்ணும் இல்லையே?” என்றார்.

அடுத்து, பிஜிஏ2310 போன்ற சில்லு. அரை டெசிபல் படிகளில் துல்லியமாக மாற்றும். ஆனால் அதற்குக் கட்டளையிட இன்னொரு சில்லு, நிரல், ரிமோட் எல்லாம் வேண்டும். வீட்டில் ஏற்கெனவே நாலு ரிமோட். அப்பாவுக்கு வேண்டியது கையால் மெல்லத் திருகும் ஒரு குமிழ்தான்.

கடைசியில் ஆல்ப்ஸ் ஆர்கே27 வகைக் குமிழை, 10 கிலோ ஓம் மதிப்பில் தேர்ந்தெடுத்தேன். பாட்டை அனுப்பும் கருவியின் வெளியீட்டு மின்தடையைப் போல் குறைந்தது பத்து மடங்காவது குமிழின் மதிப்பு இருக்க வேண்டும் என்பது பொது விதி. எங்கள் கருவிகளுக்கு 10 கிலோ ஓம் போதும். வால்வு கருவி வைத்திருப்பவர்களுக்கு 50 அல்லது 100 தேவைப்படலாம். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு மூன்றை அளந்து பார்த்தேன். அப்பாவின் இரவு அளவில் 300, 320 ஓம் காட்டியதை வாங்கினேன். வித்தியாசம் அரை டெசிபலுக்குச் சற்று மேல்.

செலவே இல்லாத ஒரு திருத்தமும் செய்தேன். சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தரும். அதை என் பெட்டி மேலும் பத்து மடங்கு பெருக்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் குமிழ் எப்போதும் தொடக்கத்திலேயே, பிசகு அதிகமுள்ள இடத்திலேயே நின்றது. இரு பக்கமும் 9.1 கிலோ ஓம் மின்தடையை எடுத்துவிட்டு 2 கிலோ ஓம் வைத்தேன். பெருக்கம் மூன்று மடங்கானது. கடிகார முள் போலச் சொன்னால், முன்பு 8 மணியில் நின்ற குமிழ் இப்போது 10 மணியில் நிற்கிறது. பழைய குமிழை மாற்ற முடியாதவர்கள் இதை மட்டும் செய்தாலும் பலன் தெரியும்.

உங்கள் வீட்டுக் கருவியையும் சோதித்துப் பாருங்கள். பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போட்டு, இரு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து, சத்தத்தை மெல்லக் குறையுங்கள். குரல் நகர்ந்தால், யார் காதையும் குறை சொல்லாதீர்கள்.

புதுக் குமிழைப் பொருத்திய இரவு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பாட்டுக் கேட்டார். பிறகு எழுந்து, நாற்காலியை ஓரடி இடதுபுறம் இழுத்துப் போட்டு, மறுபடி உட்கார்ந்தார். அப்போதுதான் கவனித்தேன். இத்தனை மாதமும் குரலை நடுவில் கொண்டுவர, அவர்தான் கொஞ்சம் கொஞ்சமாக வலதுபுறம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.