பதினைந்து நிமிஷம்

அத்திப்பட்டில், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும் நம் வீட்டு வாசலுக்கு, பரீட்சையில் தேறிய மாணவி ஒருத்தி பாயசக் கிண்ணத்துடன் வந்தாள். நாமோ அதை வாங்கும்போதே, "அடுத்து என்ன படிக்கப் போகிறாய், அம்மா?" என்று கேட்டுவிட்டோம். மலர்ந்த முகம் வாடிவிட்டது. வாத்தியார் புத்தி!

அன்றிரவு டென்சிங் நோர்கேயின் நினைவு வந்தது. 1953 மே 29-ஆம் தேதி அவரும் ஹில்லாரியும் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார்கள். கொண்டுபோன பிராணவாயுவோ அளவானது. இறங்கும் வழியோ அபாயமானது. ஆயினும் சுமார் 15 நிமிஷம் அங்கே தங்கினார்கள். ஹில்லாரி படம் பிடித்தார். டென்சிங் மிட்டாய்களைப் பனியில் புதைத்துத் தெய்வத்துக்கு நிவேதனம் செய்தார். "அடுத்த சிகரம் எது?" என்று கேட்க அங்கே வாத்தியார் எவரும் இல்லை!

மறுநாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் அவள் வீட்டுக்குச் சென்றோம். எந்தக் கணக்கு மிரட்டியது, அதை எப்படி மடக்கினாள் என்று விசாரித்தோம். ஒரு மணி நேரம் சொன்னாள்.