300 சி.சி.யின் வரவு செலவு

மார்பகத்தைப் பெரிதாக்க வைக்கும் சிலிகோன் பை பெரும்பாலும் 200 முதல் 400 சி.சி.க்குள் இருக்கும். நடுவாக 300 என்று எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சேர்த்து 600 சி.சி.; எடையும் ஏறக்குறைய 600 கிராம். பைக்குள் நிரப்பும் சிலிகோன் ஜெல் என்ன விலை?

தெற்கு பிரான்சில் லா சேன்-சுர்-மேர் என்ற ஊரில் இருந்த பிஐபி நிறுவனம், மருத்துவத் தரச் சிலிகோன் என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலைச் சிலிகோனை நிரப்பி விற்றது. 2010 மார்ச்சில் விற்பனை நிறுத்தப்பட்டது. அப்போது செய்திகளில் அடிபட்ட விலை: நல்ல சரக்கு லிட்டர் 35 யூரோ, இவர்கள் ஊற்றியது 5 யூரோ. நம் 600 சி.சி.க்கு 21 யூரோ ஆகவேண்டியது 3 யூரோவில் முடிந்திருக்கிறது. ஒரு பெண்ணுக்கு மிச்சம் 18 யூரோ.

2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு, ஏறக்குறைய 30,000 பெண்களை அந்தப் பைகளை எடுத்துவிடச் சொன்னது. எடுக்கும் செலவு அரசுக் காப்பீட்டின் தலையில் விழுந்தது. அன்றைய மதிப்பீடு 6 கோடி யூரோ, அதாவது தலைக்கு 2,000. நிறுவனர் ழான்-க்ளோத் மாஸுக்கு 2013 டிசம்பரில் மார்செய் நீதிமன்றம் 4 ஆண்டுச் சிறையும் 75,000 யூரோ அபராதமும் விதித்தது. அந்த அபராதத்தை 30,000 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு இரண்டரை யூரோ. வகுத்துப் பார்க்கவே எரிச்சலாக வருகிறது.

ஒழுங்காகச் செய்த பைக்கும் ஆயுள் உண்டு. அழகுக்காகச் சிலிகோன் பை வைத்துக்கொண்டவர்களில் 5 பேருக்கு ஒருவர் 10 ஆண்டுக்குள் அதை எடுக்க நேர்கிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011இல் சொன்னது. சிலிகோன் பை கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருந்துவிடலாம். அதனால் 5 அல்லது 6ஆம் ஆண்டில் முதல் ஸ்கேன், பிறகு 2-3 ஆண்டுக்கு ஒன்று என்பது எஃப்.டி.ஏ.வின் பரிந்துரை. 25 வயதில் வைத்துக்கொண்டவர் 65 வரை போனால் 12 முதல் 18 ஸ்கேன். அறுவைக்கு முன்பு சொல்லும் 'பேக்கேஜ்' தொகையில் இது எப்படி வரும்?

உப்புநீர் நிரப்பிய பையில் இந்த ஸ்கேன் செலவு இல்லை. கிழிந்தால் நீரை உடம்பு உறிஞ்சிவிடும். மார்பு வற்றுவது கண்ணுக்கே தெரியும். ஆனால் தொட்டால் சுருக்கம் தட்டுப்படும், குறிப்பாக ஒல்லியானவர்களுக்கு.

பையே வேண்டாம் என்றால் சொந்தக் கொழுப்பு. தொடையிலோ வயிற்றிலோ உறிஞ்சி, சுத்தம் செய்து, மார்பில் ஏற்றுவது. ஏற்றியதில் பாதியிலிருந்து முக்கால் பங்குவரைதான் நிலைக்கும். பக்கத்துக்கு 250 சி.சி. ஏற்றி 60 சதவீதம் நின்றால் கையில் 150 சி.சி. 300 வேண்டுமென்றால் இன்னொரு முறை படுக்க வேண்டும். எடுக்கக் கொழுப்பே இல்லாதவருக்கு இந்த வழி அடைபட்டது.

பை வைக்கும் வெட்டு மார்பின் அடிமடிப்பிலா, காம்பைச் சுற்றியா, அக்குளிலா என்பதில் தழும்பின் இடம் மாறும். பட்ஜெட் பெரிதாக மாறாது. பையின் மேற்பரப்புதான் பெரிய விஷயம். சொரசொரப்பான பைகளோடு தொடர்புள்ள ஒருவகை லிம்ஃபோமா புற்றுநோய் 2019 ஜூலைவரை உலகில் 573 பேருக்குப் பதிவானது. 33 பேர் இறந்தார்கள். 573இல் 481 அலர்கான் நிறுவனத்தின் பைகள். எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டதும் அந்த நிறுவனம் அந்த ரகத்தை உலகெங்கும் திரும்பப் பெற்றது. கோடிக்கணக்கான பைகளுக்கு நடுவே இது சிறிய எண்ணிக்கைதான். வழவழப்பான பை கிடைக்கும்போது அந்தச் சிறியதையும் ஏன் வாங்க வேண்டும்?

இந்தியாவில் இதோடு வரியும் சேரும். அழகு அறுவைக்கு ஜி.எஸ்.டி. உண்டு (2025 தொடக்கத்தில் 18 சதவீதம்), பிறவிக் குறைக்கும் விபத்துக் காயத்துக்கும் செய்தால் இல்லை. பில் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால் அந்த 18 சதவீதத்தில் வரி மட்டும் 27,000 ரூபாய். மருத்துவக் காப்பீடு அழகு அறுவைக்குப் பைசா தராது.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018இல் இந்த அறுவையை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யத் தொடங்கியபோது, அரசுப் பணத்தில் இதெல்லாமா என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. கந்துவட்டிக் கடன் வாங்கியோ, தெரியாத இடத்தில் மலிவாகவோ செய்துகொள்வதைவிட இது மேல் என்பதே என் கட்சி. நான் கேட்பது வேறு: ஆறாம் ஆண்டு ஸ்கேனும், எடுக்க நேர்ந்தால் எடுக்கும் அறுவையும் அந்த இலவசத்தில் சேருமா?