திரையில் ஒரு நிறம், தாளில் ஒரு நிறம்

கணினித் திரையில் தெளிவுற விளங்கும் புகைப்படமொன்று, தாளில் அச்சேறி வெளிவருங்கால் கறுத்தோ சிவந்தோ திரிந்து தோன்றுதல் இந்நாளில் பலரும் கண்டதொன்றே. அங்ஙனம் நேர்ந்தவுடன் நம்மவர் செய்வது யாதெனின், படத்தின் ஒளியைச் சற்றே கூட்டி மற்றொரு தாளை இடுவர். சிவப்பைச் சற்றே குறைத்து இன்னுமொன்றை இடுவர். மையும் தாளும் செலவாகும், படமோ செம்மையுறாது. ஒருகால் செம்மையுற்றாலும் அடுத்த படத்துக்கு அத்திருத்தம் உதவாது. பிழை எவ்விடத்தது என்று துணியாமுன் படத்தைத் திருத்தப் புகுதல், நாடி பாராது மருந்து கொடுத்தலை ஒக்கும்.

திரையும் தாளும் நிறந்தரும் முறையால் தம்முள் மாறுபட்டவை என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். திரை தானே ஒளிவிடுவது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கூட்டி ஏனைய நிறங்களை ஆக்குவது. மூன்றும் நிரம்பக் கூடின் வெண்மையாம். தாளோ தனக்கென ஒளியில்லாதது. தன்மேல் வீழும் ஒளியில் ஒரு பகுதியை மை விழுங்க, எஞ்சியதே நம் கண்ணை எய்தும். அம்மைகள் சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்பன. ஆகவே திரையிற் சுடர்விடும் பச்சை நீலங்களுட் சில, எத்துணைச் சிறந்த மையாலும் தாளில் வாரா. அதனைப் பிழையென்று கொண்டு வருந்துதல் வீண்.

மற்றொன்றும் அறியத்தக்கது. கோப்பில் நிறம் என்பதே இல்லை, எண்களே உள்ளன. பெரும்பாலான படங்களில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரையுள்ள எண்கள் மூன்று. பச்சைக்கு 255 எனின், எப்பச்சை? அதனை விளக்குவதே புரொஃபைல் எனப்படும் நிறக்குறிப்பு. ஏட்டுச் சுவடிகளிற் புள்ளியிடாது எழுதும் வழக்கால், எகரமோ ஏகாரமோ என்று படிப்போர் இடம்நோக்கித் துணிய வேண்டியிருந்தமை தமிழ் பயில்வார் அறிவர். நிறக்குறிப்பில்லாத கோப்பும் அத்தகையதே. ஆயின் கணினிக்கு இடம்நோக்கும் அறிவு இல்லை. தனக்குப் பழகிய பொருளையே அது கொள்ளும். ஹியூலெட் பேக்கர்ட், மைக்ரோசாஃப்ட் என்னும் இரு நிறுவனங்களும் 1996-இல் வகுத்த எஸ்.ஆர்.ஜி.பி. என்பதே பெரும்பாலும் அப்பொருள். 1998-இல் வெளிவந்த அடோபி ஆர்.ஜி.பி. அதனினும் பரந்த நிறவெல்லை உடையது. பின்னதில் அமைந்த எண்களை முன்னதன் எண்களாகக் கொண்டு படிப்பின், படம் சோர்ந்து மங்கும்.

இனிப் பிழையைத் தேடும் முறை. வல்லோர் செம்மைசெய்து வெளியிட்டுள்ள சோதனைப் படங்கள் எளிதிற் கிடைக்கின்றன. முகங்கள், கனிகள், கருமையிலிருந்து வெண்மைவரை படிப்படியாகச் செல்லும் சாம்பற்பட்டை ஆகியன அவற்றில் இருக்கும். ஒன்றை எடுத்து, எதனையும் மாற்றாது அச்சிடுக. அது நன்கு வரின், அச்சுப்பொறியும் மையும் தாளும் குற்றமற்றவை. குற்றம் நம் திரையிலோ கோப்பிலோ உள்ளது. அது கெட்டு வரின், நம் படத்தைத் தொடவே வேண்டா. ஒரு தாட்செலவில் தேடுமிடம் பாதியாகக் குறைகின்றதன்றோ? சாம்பற்பட்டையைச் சிறப்பாக நோக்குக; மெல்லிய சாயலும் ஆண்டு மறையாது வெளிப்படும்.

சோதனைப் படமே மஜெந்தாச் சாயல் ஏறிச் சிவந்து வரின், முதலில் ஐயுறத்தக்கது இரட்டைத் திருத்தம். கோப்பின் எண்களை அச்சுப்பொறிக்கேற்ப மாற்றும் தொழிலை ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள் செய்யலாம்; அன்றி, அச்சுப்பொறியின் டிரைவர் செய்யலாம். இருவரும் செய்தல் ஆகாது. ஒருமுறை பெயர்த்த எண்களை மீண்டும் பெயர்த்தால் நிறம் திரியுமேயன்றி நேராகாது. மென்பொருள் செய்வதாயின், டிரைவரில் நிறத்திருத்தம் இல்லை என்று பொருள்படும் விருப்பத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். அது பெரும்பாலும் உட்பக்கமொன்றில் ஒளிந்திருக்கும். உருவாக்கியோர் அதனை ஏன் அத்துணை மறைவாக வைத்தனர் என்பது எனக்கு விளங்கவில்லை. மேலும், படத்தை நான்கு மைகளுக்குரிய எண்களாக நாமே மாற்றிக் கொடுத்தல் நன்றென்று சிலர் எண்ணுவர். வீட்டு அச்சுப்பொறிகள் ஆர்.ஜி.பி. எண்களையே எதிர்நோக்குவன, ஆதலின் அது வேண்டாத வேலை.

அமைப்பு சரியாக இருந்தும் சாயல் நீங்காவிடின், மை வெளிவரும் நுண்டுளைகள் அடைபட்டிருக்கலாம். சயான் அடைபடின் படம் சிவக்கும்; மஜெந்தா அடைபடின் பசுமையேறும்; மஞ்சள் அடைபடின் நீலம் பாயும். நாசில் செக் என்னும் கோட்டுச் சோதனை இதனை உடனே காட்டும். தாளின் வகையைத் தவறாகக் குறிப்பினும் மையின் அளவு மாறிக் கெடும்.

சோதனைப் படம் நன்கு வந்து, நம் படம் மட்டும் கறுத்து வரின், குற்றம் பெரும்பாலும் திரையின் மிகுவெளிச்சத்ததே. புதிய திரைகள் கண்ணைக் கவருமாறு மிக்க ஒளியுடன் விற்கப்படுகின்றன. அச்சுக்கெனப் படம் திருத்துவோர் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை போதுமென்பர். அளக்குங் கருவி இல்லாதார், வெற்றுத் தாளொன்றை விளக்கொளியில் திரையருகே பிடித்து, திரையின் வெண்மையும் தாளின் வெண்மையும் ஒத்துத் தோன்றுமளவும் ஒளியைக் குறைக்கலாம். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் அப்போது நிறுத்துக.

இங்கே ஒன்று சொல்லாமல் அமைய மனம் வரவில்லை. படம் கறுக்கும்போது முதலில் அழிவன கருநிற முகங்களின் நுண்ணிய நிழல்கள். உடனே முகத்தை மட்டும் வெளுப்பிக்கின்றனர். அங்ஙனம் செய்த படத்தில் அப்பாட்டியார் வேறொருவராகி விடுகின்றார். இது புதிய தீங்கன்று. கோடாக் நிறுவனம் படச்சாலைகளுக்கு வழங்கிய ஷர்லி அட்டை என்னும் நிற அளவுகோலில் நெடுங்காலம் வெள்ளை மாதரே இருந்தனர். பல இனத்தவரைக் கொண்ட அட்டை 1990-களிலேயே வந்தது. குறைக்க வேண்டியது திரையின் வெளிச்சம், முகத்தின் கருமையன்று.

அச்சிடுமுன், தாளில் எங்ஙனம் வருமென்பதைத் திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃப் என்னும் வசதியைப் பயன்படுத்தின் தாள் மிஞ்சும். அச்சிட்டதைச் சில மணிநேரம் உலரவிட்டு, பகலில் சாளரத்தருகே நேர்வெயில் படாத இடத்தில் வைத்து நோக்குக. மஞ்சள் விளக்கின்கீழ் மாட்டப்படும் படமாயின், அவ்விளக்கின்கீழும் ஒருமுறை பார்த்த பின்னரே சட்டமிடுக.